நம்முளுதுங்க

அன்புள்ள அருளப்பனுக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் நீ நலம் என்பதைச் சித்திரப் பள்ளியின் அழைப்பிதழே சொல்லிவிட்டது. தலைமை ஆசிரியர் நேற்றுக் காலை அதை என் கையில் கொடுக்கவே வீடு தேடி வந்தார். வழவழப்பான தாளில் உன் புகைப்படம், கீழே 'சேலம் தந்த கலைஞர்' என்று கொட்டை எழுத்து. பம்பாயிலிருந்து நீ அடுத்த மாதம் வருகிறாய், நம் பள்ளியில் பேசப் போகிறாய், பேச்சை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறாய் என்றார். வழக்கம்போல் நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டுமாம். மகன் பேச அப்பா மொழிபெயர்த்தால் ஊரே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் என்று அவருக்கு ஒரே குதூகலம். தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை, கல்லுக் குண்டாக இருக்கிறது. அவர் போன பிறகுதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். நான் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன். சித்திரம் எனக்கு எழுத்துக்கூட்டிக்கூட வராது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி வியாபாரி தன் பழைய பஞ்சுக் கிடங்கைக் காலி செய்து சித்திரப் பள்ளி ஆரம்பித்தபோது, வெளியூரிலிருந்து ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் வந்து பேச வேண்டும் என்று ஆசைப்பட்டார். வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, மாணவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, அப்போதிருந்த தலைமை ஆசிரியருக்கோ ஆங்கிலம் காது வரைக்கும்தான். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மத்தியானம், கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு நான் போய் நிற்பேன். ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து 'நெகடிவ் ஸ்பேஸ்' பற்றி ஒரு மணி நேரம் பேசியது நினைவிருக்கிறதா? வரைந்ததைச் சுற்றி வரையாமல் விட்ட இடத்தைச் சொல்கிறாள் என்பது எனக்குக் கடைசியில்தான் புரிந்தது. அதுவரை 'கெட்ட இடம்' என்றே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கலைஞன் கெட்ட இடத்துக்குத்தான் முதலில் பழக வேண்டும் என்று நான் சொல்ல, பின்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நீயும்தான் சிரித்தாய். தெரியாமல் செய்த தப்புக்கு இப்போதும் சிரிக்கலாம். நான் எழுத வந்தது தெரிந்து செய்ததைப் பற்றி.

பேச்சு முடிந்ததும் நடப்பது ஒரு சடங்கு மாதிரி. மாணவர்களின் படங்கள் கிழக்குச் சுவரில் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். எதிலும் பெயர் இருக்காது. பெயரைப் பார்த்தால் சாதி தெரியும், சாதி தெரிந்தால் கண் மாறும் என்று நிறுவனர் போட்ட சட்டம். விருந்தாளி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போவார், நின்ற இடத்தில் 'யாருடையது?' என்று கேட்பார், நான் தமிழில் கேட்பேன், வரைந்தவன் எழுந்து சொல்வான். எல்லாம் முடிந்த பிறகு முறை திரும்பும். விருந்தாளி கொண்டுவந்த படம் ஒன்றைச் சுவரில் மாட்டி, மாணவன் ஒருவன் முன்னால் போய், 'யாருதுங்க இது?' என்று அவரைக் கேட்க வேண்டும். அவர் தன்னுடையது என்று சொல்ல வேண்டும், எல்லோரும் கை தட்ட வேண்டும். ஒரு சிற்பி மட்டும் 'கடவுளுடையது' என்று சொல்லிப் பார்த்தார். கேட்ட பையன் விடாமல், 'செஞ்சது யாருங்க?' என்றான். அன்று கூரை பிய்ந்துபோகும்படி சிரித்தோம்.

அர்த்தனாரியை உனக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் என் கையால் அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. எடப்பாடிப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன். அம்மாபேட்டையில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தான். உன்னைவிட மூன்று வயது மூத்தவன். பள்ளியில் சேரும்போதே கல்யாணம் ஆகியிருந்தது, கைக்குழந்தை ஒன்று ஊரில் இருந்தது. பெரியவர்கள் எதிரில் நிற்கும்போது தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொள்வான். பேச்சு மிகவும் குறைவு. பேசினாலும் அந்தப் பக்கத்து மரியாதைப் பேச்சுதான், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடாமல் வாய் மூடாது. அணில் வால் மயிரைச் சேர்த்துக் கட்டித் தூரிகை செய்வான். நீ அவனிடம் ஒன்று கேட்டு வாங்கி வந்து என்னிடம் காட்டினாய். உங்களுக்குள் பொறாமை இருந்ததாக நான் பார்க்கவில்லை. பொறாமை எல்லாம் எனக்குத்தான்.

அந்தப் பம்பாய்க்காரர் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் அவருடைய கடிதம் வந்தது. பெரிய துணி ஆலைக்கு வடிவங்கள் செய்து கொடுப்பவர். பேச வருவதோடு, மாணவர்களில் ஒருவனைத் தன் கூடத்துக்கு அழைத்துப் போய் மூன்று வருஷம் பயிற்சி கொடுப்பதாகவும், ஒருவனுக்குத்தான் இடம் என்றும் எழுதியிருந்தார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் அதை முதலில் படித்தவன் நான். தலைமை ஆசிரியரிடம் பேச்சு பற்றிய பகுதியை மட்டும் படித்துச் சொன்னேன். மற்றது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்தது. மாம்பழமும் கிளியும் போட்ட அந்தச் சேலைக் கரை வடிவத்தை ஒரு மாதம் நீ திருத்தித் திருத்தி வரைந்தது அதனால்தான். மற்றவர்கள் வழக்கமான வெள்ளிக்கிழமைக்கு வரைந்தார்கள், நீ பம்பாய்க்கு வரைந்தாய். அதோடு விட்டேனா? 'யாருடையது என்று அவர் கேட்டால், நான் தமிழில் கேட்கும்வரை காத்திருக்காதே, நேராக அவரைப் பார்த்து, என்னுடையது ஐயா என்று ஆங்கிலத்திலேயே சொல்' என்று பழக்கினேன். சாப்பாட்டுத் தட்டைக் காட்டிக் கேட்பேன், நீ சொல்வாய். குடையைக் காட்டிக் கேட்பேன், சொல்வாய். உன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். இது என்ன கூத்து என்று அவள் கேட்கவில்லை.

அன்றைக்கு அவர் பேசியது எதுவும் என் நினைவில் இல்லை. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருப்பேன், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. பேச்சின் முடிவில் அவரே அந்த ஓர் இடத்தைப் பற்றி எல்லோருக்கும் சொன்னார். பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். ஆறேழு படங்களை நடந்துகொண்டே பார்த்தார். எட்டாவதோ ஒன்பதாவதோ, அங்கே நின்றுவிட்டார். கோடையில் வற்றிப்போன பனமரத்துப்பட்டி ஏரி. ஆனால் ஏரி என்று சொல்லிவிட முடியாது. கரை இல்லை, வானம் இல்லை. வெடித்த சேற்றின் கோடுகள் மட்டும், ஒன்றோடொன்று சேர்ந்து, பிரிந்து, மறுபடி வந்த இடத்துக்கே வந்து, துணியில் எத்தனை கஜம் வேண்டுமானாலும் ஓடக்கூடிய வடிவமாக இருந்தது. செங்கல் நிறமும் கறுப்பும் தவிர வேறு நிறம் கிடையாது. நடுநடுவே ஆட்டுக் குளம்பின் சுவடு. அது மற்றப் படங்களைப் போல் இல்லை என்று சித்திரம் தெரியாத எனக்கே தெரிந்தது. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் கேட்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

யாருடையது என்றார். 'யாருதுப்பா இது?' என்றேன். கடைசி வரிசையில் அர்த்தனாரி எழுந்தான், துண்டைக் கையில் சுருட்டினான்.

"நம்முளுதுங்க."

நான் அவர் பக்கம் திரும்பி, இது 'எங்களுடையது' என்கிறான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தினார். எத்தனை பேர் சேர்ந்து செய்தார்கள் என்று கேட்டார். அதை நான் அர்த்தனாரியிடம் கேட்டிருக்க வேண்டும். என் வேலையே அதுதான். நான் கேட்கவில்லை. நானே பதில் சொன்னேன். இவர்கள் தறிக்காரர்கள் ஐயா, வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் வேலை செய்வார்கள் என்றேன். அவர் படத்தை மறுபடி ஒரு முறை பார்த்தார். எனக்கு ஒரு கைதான் வேண்டும், ஒரு குடும்பத்தையே அழைத்துப் போக முடியாதே என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அர்த்தனாரி இன்னும் நின்றுகொண்டிருந்தான். 'உட்காரப்பா' என்றேன். அவனுக்குச் சொன்ன மொழிபெயர்ப்பு அவ்வளவுதான். நான்கு படம் தள்ளி உன் கிளியும் மாம்பழமும் இருந்தன. நீ எழுந்து, பழக்கியபடியே சொன்னாய்.

நான் இலக்கணம் படித்தவன், இதை இலக்கணமாகவே சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்தில் பெரியவர் எதிரில் 'என்னுது' என்று சொல்வது திமிர். என் வீடு என்று சொல்லமாட்டார்கள், நம்ம ஊடு என்பார்கள். என் மகன் என்று சொல்லமாட்டார்கள், நம்ம பையன் என்பார்கள். கேட்கிறவரையும் அதில் சேர்த்துக்கொள்வது அவர்களுடைய மரியாதை. 'நம்முளுதுங்க' என்றால் என்னுடையது, ஆனால் உங்களுக்கு முன்னால் அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று பொருள். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பெண் எடுத்து இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தவனுக்கு இது தெரியாதா? ஆங்கிலத்தில் நம்முடையதும் எங்களுடையதும் ஒரே சொல்தான், அந்த மரியாதைக்குச் சொல் இல்லை. அந்த இல்லாமையில் நான் ஒளிந்துகொண்டேன். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்பதுதான் இதில் மிகவும் அசிங்கமானது. 'எங்களுடையது' என்றது சரி. தறிக்காரர் வீட்டில் எல்லோரும் சேர்ந்து வேலை செய்வார்கள் என்பதும் சரி. இரண்டு நிஜத்தைச் சேர்த்து ஒரு பொய்யைச் செய்தேன். அவன் அந்தப் படத்தில் என்னையும் அந்தப் பம்பாய்க்காரரையும் உன்னையும் சேர்த்துக்கொண்டான். நான் அவனை அவன் படத்திலிருந்தே வெளியே தள்ளினேன்.

அடுத்த வாரம் உன்னை ரயில் ஏற்ற ஸ்டேஷனுக்கு வந்தவர்களில் அவனும் இருந்தான். பனை ஓலையில் சுருட்டி ஒரு புதுத் தூரிகை கொண்டுவந்து கொடுத்தான். நீ அவன் தோளைத் தட்டினாய், நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது உன் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். அன்றைக்குப் பேச்சின்போது அவள் கூடத்தின் பின்னால், பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகம் தெரியும்.

"அந்தப் பையன் நம்முளுதுங்கன்னுதானுங்க சொன்னான்?"

"ஆமா. அதைத்தான் நானும் சொன்னேன்."

அவள் குழம்பை ஊற்றினாள். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, சாகும்வரை. ஆனால் மறுநாளிலிருந்து ஒன்று நடந்தது. உன் அம்மா என்னிடம் 'நம்ம' என்ற சொல்லை விட்டுவிட்டாள். என் குடையைக் காணோம் என்பாள். என் அடுப்பு புகைகிறது என்பாள். பூசைக்குப் போகும்போது என் ஜெபமாலை எங்கே என்பாள். உன்னை 'எம்பையன்' என்றுதான் சொன்னாள். அந்தச் சொல் பழகாத வாய், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடுமாறும். வெளியார் கேட்டால் ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. எனக்கு மட்டும், தினம், வீட்டுக்குள்ளே, தண்டனை நடந்துகொண்டிருந்தது. அவளோடு சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தவக்காலத்தில் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யப் பார்த்தேன். ஒரு பையனைப் பற்றி ஒரு பெரிய மனிதரிடம் சொன்னதால் அவனுக்குக் கெடுதல் வந்துவிட்டது என்றேன். பொய் சொன்னீரா என்று சாமியார் கேட்டார். இல்லை சாமி, அவன் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன் என்றேன். அப்படியானால் பாவம் இல்லையே, மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். அவரிடமும் மொழிபெயர்த்துத்தான் சொன்னேன் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. கடவுளிடமே வாய் கூசாமல் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

நீ போன பிறகு அர்த்தனாரி பள்ளிக்கு வரவில்லை. நாலு வருஷம் கழித்து நான் கோயம்புத்தூருக்குப் போன பஸ் சங்ககிரியில் டீக்கு நின்றது. எதிரில் லாரி பாடி கட்டும் பட்டறை. ஒரு லாரியின் பின்பலகையில் ஒருவன் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதி, இரண்டு பக்கமும் தாமரை போட்டுக்கொண்டிருந்தான். திரும்பியதும் அடையாளம் தெரிந்தது. ஓடி வந்தான், தோளில் கிடந்த பெயிண்ட் துணியை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான். உன்னைப் பற்றி விசாரித்தான். வற்புறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான். பஸ் கிளம்ப ஹாரன் அடித்தபோது, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டான்.

"அன்னைக்கு அந்தப் பம்பாய்க்காரரு நம்ம படத்தைப் பாத்துப்போட்டு என்னுங்க சொன்னாரு?"

அருளப்பா, கடவுள் எனக்குக் கொடுத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. ஒரு நிமிஷம் போதும். அவர் அதன் முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார், வேறு எந்தப் படத்துக்கும் அப்படி நிற்கவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் நான், 'ஒன்றும் சொல்லவில்லையப்பா, அவர் வேறு மாதிரி ஒன்றைத் தேடினார்' என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

"நம்மளுக்குக் கை இல்லைன்னு சொல்லிப்போட்டாருன்னு நெனச்சுக்கிட்டேனுங்க. சரி, தெரிஞ்சவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு அதோட உட்டுப்போட்டேன்."

பஸ் ஏறி உட்கார்ந்தேன். அவன் நின்று கை காட்டினான். இறங்கிப் போயிருக்கலாம், இறங்கவில்லை. அதற்கு அப்புறம் இரண்டு வருஷத்தில் அவன் செத்துப்போனான். பட்டறைக்குள் சரிவில் நிறுத்தியிருந்த லாரி. அவன் பின்பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான், பின்னால் சுவர். சக்கரத்துக்கு வைத்திருந்த முட்டுக்கட்டை நழுவிவிட்டது. செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பள்ளி மூலமாக வந்தது. எடப்பாடிக்குத் துக்கம் கேட்கப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது, அவன் மனைவி தறிக்குழியில் உட்கார்ந்திருந்தாள். செத்து எட்டாம் நாள் தறியில் உட்கார வேண்டியிருக்கிற வீடு அது. ஏழு வயதுப் பெண் ஒன்று பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கணவன் படித்த சித்திரப் பள்ளியிலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து வந்தாள். 'பத்திரமாச் சுருட்டி வெச்சிருந்தாருங்க. இதுல என்ன இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியலீங்க, நீங்களே வெச்சுக்கங்க' என்றாள். விரிக்காமலே தெரிந்தது. அதை என் தகரப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். உன் அம்மா பார்த்தாள், பெட்டியை அவளே மூடினாள்.

அதற்கு மறுவருஷம் ஒரு பத்திரிகையில் உன் பெயரும் உன் துணியும் வந்தன. உன்னை ஊரறியச் செய்த துணி. செங்கல் நிறமும் கறுப்பும், வெடித்த நிலத்தின் கோடுகள். ஆட்டுக் குளம்பு மட்டும் இல்லை. நீ அதை வேண்டுமென்றே எடுத்தாயா, மறந்துபோய்க் கைக்குத் தானாக வந்ததா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் வேறொன்று கேட்க வேண்டும். அன்றைக்கு நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய். உனக்கு ஆங்கிலமும் தெரியும், உன் அம்மாவின் பேச்சும் தெரியும். நான் அவரிடம் சொன்னது உன் காதில் விழுந்திருக்க வேண்டும். நான் திரும்பியபோது நீ தலையைக் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாய். அந்தப் பென்சில் ஏற்கெனவே கூராக இருந்ததா என்று இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டிருந்தால், இருபது வயதுப் பிள்ளையின் வாயை அடைத்த பாவமும் என்னுடையதுதான். நீ கேட்கவில்லையென்றால், இப்போது தெரிந்துகொண்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் உன் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, 'எம்பையன் வாரானா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நம்ம பையன் வருகிறான் என்றேன், அந்தச் சொல்லை அவள் ஒருமுறையாவது திருப்பிச் சொல்வாளா என்று. அவள் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நீ வந்து சேர்ந்தபோது அவளை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது. அப்போதே உன்னிடம் சொல்ல நினைத்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய், நானும் அழுதேன், அந்த அழுகையைச் சாக்காக வைத்துக்கொண்டு மறுபடி சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன். இந்த வருஷம் பள்ளியில் சேர்ந்தவர்களில் எடப்பாடிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயர் பாவாயி. அர்த்தனாரியின் மகள், பதினாறு வயது. என் சிபாரிசு எதுவும் இல்லை, அவளாக வந்து பரீட்சை எழுதி, அவளாகச் சேர்ந்தாள். போன வெள்ளிக்கிழமை நான் அந்தச் சுருளைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். உன் அப்பா வரைந்தது என்றேன். அது சுவரில் இருந்த அன்று யார் வந்தார், எப்படி நின்றார், அவள் அப்பா என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற மாணவர்களுக்கு முன்னால், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, மறைக்காமல் சொன்னேன். அவள் படத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் மைக்கூட்டை வைத்து, வெகுநேரம் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எங்கப்பனுக்குக் கை இருந்துச்சுங்களா?"

இருந்தது என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் பிடித்திருக்கிறது, கேட்க வேண்டியவன் கேட்காமல் போய்விட்டான். அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டு, சரிங்க என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். உன் துணியைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. அது நான் சொல்லக்கூடியது அல்ல. ஆனால் தலைமை ஆசிரியர் நேற்றுச் சொன்னார், உன் பேச்சு முடிந்ததும் கிழக்குச் சுவரில் மாட்டுவதற்கு அந்தத் துணியையே நீ பார்சலில் அனுப்பியிருக்கிறாயாம். கடைசியில் முன்னால் வந்து விருந்தாளியைக் கேட்க இந்த முறை யாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். வகுப்பில் நன்றாக வரைகிற பெண் என்பதால் பாவாயியைத் தேர்ந்தெடுத்தார்களாம். அந்தத் துணியின் கதை அவருக்குத் தெரியாது.

உனக்கு நான் கொடுத்த புத்தியெல்லாம் கெட்ட புத்தியாகவே இருந்திருக்கிறது. ஆகவே இப்போது இதைச் சொல், அதைச் சொல் என்று பழக்கப் போவதில்லை. வராமல் இருந்துவிடவும் உன்னால் முடியும். பம்பாயில் வேலை என்று தந்தி அடித்தால் எல்லோரும் நம்புவார்கள். வந்தால், மேடையில் உன் பக்கத்தில் நான் நிற்கமாட்டேன். கூடத்தின் பின்னால், உன் அம்மா உட்கார்ந்த பெஞ்சில் இருப்பேன். பேச்சு முடியும், கை தட்டுவார்கள். அப்புறம் அந்தப் பெண் எழுந்து சுவருக்குப் போவாள், அந்தத் துணிக்கு நேராக நிற்பாள், அவளுடைய அப்பாவின் படத்தைப் பார்த்த கண்ணால் அதைப் பார்ப்பாள். பிறகு உன் பக்கம் திரும்பி, யாருதுங்க இது என்று கேட்பாள்.

அவள் தமிழில்தான் கேட்பாள். நீயும் தமிழிலேயே பதில் சொல், சாமி. நடுவில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா